கொய்யாப் பாட்டின் நாலாவது வரி

புத்தகத்தை விரித்தவுடன் அவள் கண்ணில் பட்டது அந்தத் துண்டுக் காகிதம்தான்.

பதினான்காம் பக்கம். அவள் எழுதிய பாட்டு. நாலாவது வரியின் மேல் வெள்ளைத் தாளை நறுக்கி ஒட்டியிருந்தார்கள். தாளில் வேறொரு வரி.

அடங்கி வீட்டில் இருந்தேன்.

மேடையில் பக்கத்து நாற்காலியிலிருந்த தலைமையாசிரியை குனிந்தார். "லைப்ரரில இருக்கிற நாப்பது புக்லயும் ஒட்டிட்டோம் மேடம். பிள்ளைங்க கெட்டுப்போயிடக் கூடாது பாருங்க."

பெருமையாகத்தான் சொன்னார்.

பள்ளி ஆண்டுவிழா. அவள்தான் சிறப்பு விருந்தினர். தோளில் அப்போதுதான் போர்த்திய பொன்னாடை. கழுத்தெல்லாம் வியர்த்தது.

முப்பது வருடமாகக் குழந்தைகளுக்கு எழுதுகிறாள். ஏழு நாவல்கள், ஏராளமான பாட்டுகள். ஒரு வரியைக்கூட யாரையும் தொட விட்டதில்லை. நாவலில் செத்துப்போன ஆட்டுக்குட்டியைப் பிழைக்க வைக்கச் சொன்ன பதிப்பாளரிடமிருந்து கையெழுத்துப் பிரதியைப் பிடுங்கிக்கொண்டு வந்தவள். கதை முடிவில் நீதி எங்கே என்று கேட்டவரை நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னவள். திமிர் பிடித்தவள் என்று பெயர். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்தும் இருந்தது.

இந்த நாலாவது வரிக்கு மட்டும் மூன்று மாதம் ஆயிற்று. எழுதி எழுதி அடித்து, கடைசியில் பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது கிடைத்தது.

அதன் மேல் பசை தடவியிருக்கிறார்கள்.

"அடுத்ததாக, நம் விருந்தினர் எழுதிய பாடலை மூன்றாம் வகுப்பு ஃபர்ஹானா சொல்லுவாள்."

இரட்டைச் சடையும் பெரிய ரிப்பனுமாக ஒரு சிறுமி மைக் முன்னால் வந்து நின்றாள். மைக் அவள் நெற்றிக்கு நேராக இருந்தது. அண்ணாந்து பாடினாள்.

கொய்யா மரத்தில் ஏறினேன்
கொப்பு முறிய விழுந்தேன்
ஐயோ என்றார் எல்லாரும்
அடுத்த கொப்பைப் பார்த்தேன்

சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஃபர்ஹானாவின் வீட்டில் சொந்தப் புத்தகம் இருக்க வேண்டும். ஒட்டாத புத்தகம்.

மேடைக்குக் கீழே நின்ற வகுப்பாசிரியை, உதட்டை அசைத்துச் சரியான வரியை எடுத்துக் கொடுத்தார். ஃபர்ஹானா வாய் திறக்கவில்லை. ஆசிரியை கண்ணை உருட்டினார். பெற்றோர் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஃபர்ஹானாவின் கண் நிறைந்துவிட்டது.

எழுத்தாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுந்தாள். பொன்னாடை நழுவி விழுந்தது. எடுக்கவில்லை. என் வரியில் கை வைக்க நீங்கள் யார்? மைக்கில் கேட்டுவிட வேண்டியதுதான். கேள்வி நாக்கு நுனியில் இருந்தது.

கிட்டே போனதும் ஃபர்ஹானாவின் மோவாய் நடுங்குவது தெரிந்தது. மைக்கை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"யாருக்கும் பயப்படாத. உனக்கு எப்படிச் சொல்லணும்னு தோணுதோ அப்படிச் சொல்லு. பாட்டு எழுதுனவ நான் சொல்றேன்ல?"

ஃபர்ஹானா ஆசிரியையைப் பார்த்தாள். மண்டியிட்டிருந்தவளைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். மைக்கை இரண்டு கையாலும் கீழே இழுத்தாள்.

ஐயோ என்றார் எல்லாரும்
அவங்களையும் ஏத்துனேன்!

ஒட்டிய வரியும் இல்லை. ஒட்டுக்கு அடியில் இருந்த வரியும் இல்லை.

முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் துள்ளி எழுந்து கூச்சல் போட்டார்கள். அந்த வரியை அவர்களே திரும்பத் திரும்பக் கத்தினார்கள்.

மண்டியிட்டிருந்தவள் எழுந்திருக்கவில்லை. தன் வரியை மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். ஃபர்ஹானாவின் வரியையும் சொல்லிப் பார்த்தாள். சுருக்கென்றது. முப்பது வருடத்தில் அவள் இப்படித் தோற்றதில்லை. தோற்றதும் சிரிப்புதான் வந்தது.

தலைமையாசிரியை பதறிக்கொண்டு வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். சொந்தமா எதையோ உளறிடுச்சு. நாளைக்கே திருத்திடறோம்."

"அதுல நீங்க கை வைக்கக் கூடாது."

மைக் பக்கத்திலேயே இருந்ததால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

கொஞ்சம் பொறுத்து, "நானும்தான்" என்றாள்.