ஐந்தாவது அறை

வயல் வரப்புக்குள் வளை தோண்டி மூக்கன் என்ற எலியும் அதன் மனைவி செவத்தியும் குடியிருந்தன. ஓடியாட முடியாத வயசுக்கென்று ஐந்து அறை நிறைய நெல் சேர்த்துவிட வேண்டும் என்பது அவற்றின் எண்ணம். ஓர் அறை நிறைந்தால் செவத்தி அக்கம்பக்கத்து எலிகளை அழைத்து விருந்து வைக்கும். எல்லோரும் வாழ்த்திக்கொண்டிருக்கும்போதே மூக்கன் நழுவிப்போய் அடுத்த அறைக்கு மண் பறிக்கத் தொடங்கிவிடும்.

ஒருவழியாக ஐந்தாவது அறையும் நிறைந்தது. விருந்துக்கு வந்த எலிகள் விடைபெற்றுப் போயின.

"இனி அலைய வேண்டாம். செத்த நேரம் உட்காருங்க" என்றது செவத்தி.

மூக்கன் உட்கார்ந்தது. உடனே எழுந்து ஐந்து அறைகளையும் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தது. மறுபடி உட்கார்ந்தது. இருப்புக்கொள்ளவில்லை. பொழுது சாய்வதற்குள் வயலுக்கு ஓடி, அவசரத்தில் கைக்கு அகப்பட்ட ஒரு கதிரைக் கவ்விக்கொண்டு வந்து நின்றது.

"இதை எங்கே வைக்கிறது?"

செவத்தி கதிரை முகர்ந்து பார்த்தது. "இது இன்னும் முற்றவில்லை. வைத்தால் கெட்டுப்போகும். இப்பவே தின்னுடலாம்."

இரண்டும் ஆளுக்கொரு முனையில் உட்கார்ந்து கொறித்தன. இளநெல்லின் பால் இவ்வளவு தித்திக்கும் என்று மூக்கனுக்கு அதுவரை தெரியாது.

"நாளைக்கும் ஒண்ணு கொண்டுவரட்டுமா?" என்று தயங்கிக்கொண்டே கேட்டது.

"நானும் வர்றேன்" என்றது செவத்தி.