அந்தச் சிலை மட்டும்

அபிராமபுரத்தில் ஆட்டோ ஏறியதிலிருந்தே அனந்தராமன் நெற்றியைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"ஏன்னா, பி.எச்டி. வைவாதானே? எதுக்கு இப்படி வேர்த்துக் கொட்டறது?" என்றாள் கூட வந்த மனைவி நீரஜா.

"அந்தச் சிலையைப் பத்திப் பேச்சு வந்துட்டா? அது சமணத் தீர்த்தங்கரர். நான் வெறும் போட்டோவைப் பார்த்துட்டு, என் புத்தகத்துல புத்தர்னு எழுதித் தொலைச்சுட்டேன். எல்லார் முன்னாடியும் மானம் போயிடும்டி."

"ஒரு நடை நேர்ல போய்ப் பார்த்திருக்கப்படாதோ?"



தரமணி பல்கலைக்கழக வளாகத்தில் ஆட்டோ நின்றதும் துறைத்தலைவர் ஓடிவந்து அவர் பையை வாங்கிக்கொண்டார்.

"சார், நம்ம ஸ்டூடண்ட் செம்பியன் காலையிலேருந்து பச்சத்தண்ணி குடிக்கலை. தீசிஸ்ல ஒரு சிலை விஷயத்துல உங்க புத்தகத்தை மறுத்து எழுதிட்டான். எக்ஸாமினரே நீங்கதான்னு தெரிஞ்சதும் நடுங்கிப் போயிட்டான். தயவுசெஞ்சு அந்தச் சிலையைப் பத்தி மட்டும் கேட்டுடாதீங்க."

"சத்தியமா கேக்க மாட்டேன்" என்றார் அனந்தராமன்.