நீள்காதுக்கு இடமில்லை

படகுத்துறையில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மாயேல் ஆய்வுக்கு வந்த அம்மாளின் கூடைக்குள் கையை விட்டான். ரொட்டியை ஒதுக்கி, ஆப்பிளை ஒதுக்கித் துழாவியதில், துணி சுற்றிய கண்ணாடி ஜாடி ஒன்று அகப்பட்டது.

"ஆய்வுக்கு வந்தவங்க சாப்பாட்டையே திருடுற கேப்டனை இன்னிக்குத்தான் பார்க்கறேன்," என்றாள் அவன் மனைவி நோல்வென், கயிற்றைச் சுருட்டிக்கொண்டே. "பள்ளிக்கூடம் உருப்பட்ட மாதிரிதான்!"

"மெதுவாப் பேசு. இதுல என்ன இறைச்சி இருக்கு தெரியுமா? நீள்காது! அவங்க வாயாலேயே சொன்னாங்க."

நீள்காது என்றால் முயல். கரையில் இருக்கும் நாம் தாராளமாகச் சொல்லலாம். பிரான்ஸின் இந்தத் துவார்னெனே துறைமுகத்தில் படகேறிவிட்டால் அந்தப் பெயரை உச்சரிக்கவே கூடாது, பிறகு இறைச்சியை ஏற்றுவதாவது! அந்தக் காலத்தில் மரக்கப்பலின் இடுக்குகளில் அடைத்த சணலைக் கொறித்துக் கொறித்தே அது பல கப்பல்களை மூழ்கடித்ததாம். மாயேலுடையது ஃபைபர் படகு. அதைச் சொன்னால் அவனுக்குக் கோபம் வரும்.

வீட்டை விற்றுத்தான் இருவரும் இந்தப் படகை வாங்கியிருந்தார்கள். கரை கண்ணுக்கு மறையும் தூரம் கூட்டிப்போய்ப் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி தொடங்குவதற்காக. ஆறு பேர் சேர்ந்துவிட்டார்கள், திங்கட்கிழமை வகுப்பு. இன்று ஆய்வுக்கு வந்திருக்கும் மதாம் ரிவோல் அனுமதிக் கையெழுத்துப் போட்டால் பள்ளி உண்டு, இல்லாவிட்டால் இருவரும் பழையபடி மத்தி மீன் ஆலைக்குப் போய் டப்பா அடைக்க வேண்டியதுதான்.

மாயேல் ஜாடியைக் கரையில் ஒரு தூணுக்குப் பின்னால் ஒளித்து வைத்தான். அதற்குப் பதிலாகக் கூடைக்குள் ஒரு மத்தி மீன் டப்பாவைச் செருகி நிமிர்வதற்கும், துறைமுக அலுவலகத்தில் வானிலை பார்க்கப் போன மதாம் ரிவோல் திரும்பி வருவதற்கும் சரியாக இருந்தது.

"அட, தொப்பி பிரமாதம்! தொட்டுப் பார்க்கலாமா?"

மாயேலுக்கு உச்சி குளிர்ந்தது. "என் அதிர்ஷ்டத் தொப்பி, மதாம். ஒன்பது வருஷமா இது இல்லாம கடல்ல இறங்கினதே இல்ல. மூணு தடவை அட்லாண்டிக்கைத் தாண்டியிருக்கு. இவதான் பின்னினா. இவ சித்தி, வளர்க்கிற செல்லங்களை மடியில போட்டுச் சீவிச் சீவிச் சேர்த்த ரோமம்."

"என்ன மெத்துமெத்துனு இருக்கு!"

"நல்ல ஜாதி ஆடுங்க, மதாம்."

நோல்வென் சட்டென்று குனிந்து, ஏற்கெனவே சுருட்டிய கயிற்றை மறுபடியும் சுருட்ட ஆரம்பித்தாள்.

கடலில் மதாம் ரிவோல் லேசுப்பட்டவர் இல்லை. பேசிக்கொண்டே இருந்தவர், திடீரென்று ஒரு வாளியைத் தூக்கித் தண்ணீரில் எறிந்து, "ஆள் விழுந்தாச்சு!" என்று கத்தினார். மாயேல் பதறவில்லை. வாளி கண்ணிலிருந்து தவறிவிடாதபடி நோல்வென் அதை நோக்கி நீட்டிய விரலை எடுக்காமல் நிற்க, படகைத் திருப்பி, பாயைத் தளர்த்தி, மூன்றே நிமிடத்தில் வாளியைத் தூக்கிவிட்டான். மதாம் தாளில் என்னவோ எழுதிக்கொண்டார், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மதியம் கூடையைத் திறந்தார். டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கேப்டன், காலையில இது வேற ஜாடியா இருந்துச்சே?"

தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஆனால் மாயேலுக்குப் பொய் வராது.

"நான்தான் எடுத்தேன், மதாம். கரையில பத்திரமா இருக்கு. அந்தப் பிராணி என் படகுல ஏறக்கூடாது. ஏறினா நான் நங்கூரத்தை எடுக்க மாட்டேன்."

"கையெழுத்துப் போட வந்தவ கொண்டுவந்தாலுமா?"

"யார் கொண்டுவந்தாலும்தான். இறைச்சியோ, தோலோ, ஒத்தை மயிரோ, அதோட வர்றவங்க இறங்கிடணும். எங்க பள்ளியோட முதல் விதி இது. வேணும்னா எழுதிக்குங்க."

நோல்வென் கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள், எல்லாம் போச்சு என்று நினைத்தான் மாயேல்.

மதாம் ரிவோல் பேனாவைத் திறந்தார். "எத்தனையோ பள்ளிக்கூடம் பார்த்துட்டேன். நான் என்ன கேட்டாலும் பல்லைக் காட்டித் தலையாட்டுவாங்க. எனக்கே மாட்டேன்னு சொல்றவரு, காத்து பேயா அடிக்கிற அன்னிக்கு மாணவங்க நச்சரிச்சாலும் மாட்டேன்னு சொல்வாரு. உங்ககிட்ட பிள்ளைங்களை நம்பி அனுப்பலாம்."

கையெழுத்து விழுந்தது. மாயேல் ஆனந்தத்தில் தொப்பியைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினான். வெள்ளை ரோமம் ஒன்று பறந்து வந்து, ஈரம் காயாத மையின் மேல் ஒட்டியது.

மதாம் அதை இரண்டு விரலால் எடுத்து, வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு நோல்வென்னை நோக்கினார். நோல்வென் இரண்டு கைகளையும் கூப்பிக் கெஞ்சினாள்.

"எங்க அம்மா இருபது வருஷம் ரோமத்துக்காக இதைத்தான் வளர்த்தாங்க, கேப்டன். இது ஆடு இல்ல, முயல்!"