பச்சை ஸ்டிக்கர்

அக்கா சோயா சாஸ் பாட்டிலைக் குப்பைக் கூடையில் போட்டாள்.

"கோதுமை இருக்கு," என்றாள்.

அந்தப் பாட்டிலை அவன் கடையில் கால்மணி நேரம் நின்று படித்திருந்தான். முன்பக்கம், பின்பக்கம், பொடி எழுத்து, தொழிற்சாலை முகவரி உட்பட. விலைச் சீட்டுக்கு அடியில் ஒரு வரி மீதமிருந்தது. அக்கா நகத்தால் சீட்டைக் கிள்ளியதும் அது வெளியே வந்தது.

ஆனால் பாட்டில் இன்னும் திறக்கப்படவில்லை. குற்றவாளி அது இல்லை.

அவன் உடம்புக்குக் கோதுமை ஆகாது. அதில் உள்ள குளூட்டன் ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் குடல் புண்ணாகும். ஆறு வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் சாப்பிடுகிறான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். கோதுமையை எதில் வேண்டுமானாலும் மறைக்கலாம். சூப் பொடியில் இருக்கும். சிப்ஸில் தூவிய காரத்தில் இருக்கும். ஒருமுறை வயிற்றுவலிக்கு வாங்கிய மாத்திரையிலேயே இருந்தது. வலி குறையவில்லையே என்று இன்னொன்றும் போட்டுக்கொண்ட புத்திசாலி அவன்.

இவ்வளவு பார்த்தும் கடைசி இரண்டு ரத்தப் பரிசோதனையிலும் குளூட்டன் பாதிப்பைக் காட்டும் எண் ஏறியிருந்தது. உடம்பு எட்டுக் கிலோ இறங்கியிருந்தது. பெல்ட்டில் ஆணியால் புதிதாக இரண்டு துளை போட்டிருந்தான். தினமும் எங்கிருந்தோ உள்ளே போகிறது, கண்டுபிடிக்காவிட்டால் குடல் தாங்காது என்று டாக்டர் சொன்னதை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

அக்கா அதே மருத்துவமனையில் நர்ஸ். அவளிடம் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வேலை முடிந்து சீருடையோடு வந்திருந்தாள். படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறுகிறவள். மூன்றாம் மாடிக்கு வந்தும் மூச்சு வாங்கவில்லை. நேராகச் சமையலறைக்குள் போய்க் கதவுகளைத் திறக்க ஆரம்பித்துவிட்டாள்.

அங்கே எல்லாவற்றிலும் வட்டமான பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. வெட்டும் பலகை, வெண்ணெய் டப்பா, வடிகட்டி. பச்சை என்றால் அவன் தொடலாம். சிவப்பு என்றால் தொடக் கூடாது. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய சாமான்களை எட்டு மாதத்துக்கு முன்பே அக்கா ஓர் அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்துப்போயிருந்தாள்.

இப்போது வீட்டில் எல்லாம் பச்சை. அப்படியும் எண் ஏறுகிறது.

அக்கா பற்பசையைக்கூட விடவில்லை. முனையைப் பிதுக்கி, மோந்து, வைத்தாள்.

"தபால் கவரை நக்கி ஒட்டுற பழக்கம் இருக்கா?"

"இப்ப யாருக்கா தபால் போடுறா?"

"உன்னை நம்ப முடியாதுடா. பேனா மூடியைத் தின்னு வளந்தவன் நீ."

சிரித்தான். சிரிப்பு நடுவிலேயே நின்றுவிட்டது. அக்காவின் கை டோஸ்டரின் மேல் இருந்தது.

பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய டோஸ்டர்தான். தினமும் காலையில் அரிசிமாவு ரொட்டியை அதில்தான் சுடுகிறான். அக்கா விரலால் ஸ்டிக்கரைத் தடவினாள். சற்றுத் தடிமனாக இருந்தது. சோயா சாஸ் கொடுத்த ருசி, நகத்தை வைத்துக் கிள்ளினாள்.

அடியில் சிவப்பு.

திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல அவன் நின்றான்.

"அப்போ நான் எடுத்துட்டுப் போனது?"

"என்னோடது. சிவப்பு ஒட்டி வெச்சேன்."

"எட்டு மாசமா என் பசங்க உன் டோஸ்டர்லயா ரொட்டி சுடுறாங்க?"

அவன் தலையாட்டினான். காரியக்காரன்தான். தன் வயிற்றில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ள இவ்வளவு திட்டம் யார் போடுவார்கள்.

அக்கா அடித்தட்டை உருவி எடுத்தாள். குப்பைக் கூடைப் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, அதை மட்டும் கொட்டாத."

தட்டில் பழுப்புத் தூள். நடுவில் எள் ஒட்டிய ஒரு சின்னத் துண்டு. எள் தூவிய கோதுமை ரொட்டியை இந்த வீட்டில் அவன் மனைவி ஒருத்திதான் சாப்பிட்டாள். கடைசி நாள் காலையில் பாதி கடித்துவிட்டு, மீதியை வந்து சாப்பிடுகிறேன் என்று பஸ்ஸுக்கு ஓடினாள். சாயங்காலம் மருத்துவமனையிலிருந்து அவனுக்குப் போன் செய்தது அக்காதான்.

அந்தப் பாதி ரொட்டி நாலு நாளில் பூசணம் பிடித்துப்போனது. இது பிடிக்கவில்லை.

அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைத் திரும்ப உள்ளே செருகினாள். சத்தம் வராமல் செருகினாள். வயரைப் பிடுங்கிச் சுற்றினாள்.

"நாளைக்குப் புதுசு வாங்கிட்டு வர்றேன். இது என் வீட்டு அலமாரியில இருக்கட்டும். யாரும் தொட மாட்டாங்க. எப்ப தோணுதோ வந்து பாரு."

வாசலில் செருப்பை மாட்டும்போது சொன்னாள்: "பாக்க வர்றப்ப சாப்பிட்டுட்டு வா."

அவன் மாடிப்படிக் கைப்பிடியைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தான்.

அக்கா டோஸ்டரை இரண்டு கையாலும் மட்டமாகப் பிடித்திருந்தாள். துளியும் சாய்க்காமல், ஒரு படியில் இரண்டு காலையும் வைத்து, அதன்பிறகே அடுத்த படியில் இறங்கினாள்.