மச்சானின் பின்சக்கர வண்டி

பந்தயத் தடத்தின் ஓரப் பட்டறையில், தகரக் கூரைமேல் மழை விடாமல் இரைகிறது. குழல் விளக்கின் கீழே மச்சானின் கார் அப்பளமாய் நொறுங்கிக் கிடக்கிறது. பின்சக்கரங்கள் மட்டுமே உந்துகிற வண்டி. பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் நிற்பது, மச்சானின் அக்காவைக் கட்டிய அவனுடைய கார். அதில் நான்கு சக்கரமும் இழுக்கும். எது உசத்தி என்று ஞாயிறுதோறும் சாப்பிட்ட கை காயக் காய இருவரும் மல்லுக்கு நிற்பார்கள். "நாலு கால்ல தவழறது குழந்தைங்க மாமா. நான் எப்பவோ எழுந்து நடந்துட்டேன்" என்பான் மச்சான். ஆம்புலன்ஸ் போன சுவட்டில் இப்போது தண்ணீர் தேங்குகிறது. நொறுங்கிய காரின் ஓட்டத்தைப் பதியும் பெட்டியை மடிக்கணினியில் இணைத்த மெக்கானிக், திரையில் ஓடும் கோட்டை விரலால் தொடர்கிறார். "வளைவுல பின்பக்கம் வழுக்கியிருக்கு. பதறாம காலைத் தளர்த்தியிருக்கான், சரிதான். அப்புறம் பாருங்க, ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சிருக்கான். உங்க வண்டின்னா இழுத்து நிமித்திடும். இதுல மிதிச்சா சுழட்டி எறிஞ்சிடாதா? அவனுக்குத் தெரியாததா?" அவன் சட்டைப்பையில் மனைவியின் அழைப்பு அதிர்ந்து அதிர்ந்து அடங்குகிறது. கையில் வாக்கி டாக்கி இன்னும் இரைந்துகொண்டிருக்கிறது. "வழுக்குது மாமா" என்று மச்சானின் குரல் வந்தபோது, தன் வண்டியின் பழக்கத்தில் "மிதி, மிதி" என்று அவன் கத்தியது இதில்தான். இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான் மச்சான் அவன் பேச்சைக் கேட்டிருக்கிறான்.