முதுகில் ஒரு கை

கணவனின் உடலை எடுத்துப் போய் இரண்டு மணி நேரமாகியும் வசுமதி கூடத்தின் நடுவில் குந்தியே இருந்தாள். ஒரு கால் முன்னால், விரல்நுனிகள் தரையில், பார்வை சுவரில். “எந்திரிங்க அண்ணி, தலைக்கு ஊத்தணும்” என்று நாத்தனார் மூன்று முறை கூப்பிட்டுவிட்டாள். ஆறாம் வகுப்பிலிருந்து ஏழு வருடம், தினமும் மாலை, கோ-கோ மைதானத்தில் அவளை அப்படித்தான் உட்காரவைத்தார்கள். ஒருத்தி இந்தப் பக்கம் பார்க்க, அடுத்தவள் அந்தப் பக்கம் பார்க்க வரிசையாகக் குந்தியிருக்க வேண்டும். “முதுகுல கை பட்டு ‘கோ’ன்னு கேக்காம எந்திரிச்சா ஃபவுல்” என்பார் விளையாட்டு டீச்சர். வசுமதி ஒருமுறைகூட ஃபவுல் செய்ததில்லை, கல்யாணத்துக்குப் பிறகும்தான். மதியம், அதே அணியில் ஆடிய ஜெசிந்தா வந்தாள். “நீங்களாவது சொல்லுங்க” என்று வழிவிட்டார்கள். என்ன செய்ய வேண்டுமென்று அவளுக்குத் தெரியும். பின்னால் போய்க் கையை உயர்த்தினாள். அதற்காகவே காத்திருந்ததுபோல் வசுமதியின் முதுகு சற்று நிமிர்ந்தது. தன் முதுகிலும் இத்தனை வருடமாக யாரும் கை வைக்கவில்லை என்பது அப்போதுதான் ஜெசிந்தாவுக்கு உறைத்தது. கையை இறக்கினாள். வசுமதிக்குப் பக்கத்தில், வாசலைப் பார்த்தபடி, ஒரு காலை முன்னால் வைத்துக் குந்தினாள்.