வைகையில் இறங்குவது

ஆறு வரும் அந்த வரிக்கு முன்பே அவள் வாசிப்பை நிறுத்திவிட்டாள்.

தாளைத் தாழ்த்திக் கணவரைப் பார்த்தாள்.

அவர் தலையை ஆட்டினார்.

பக்கவாதம் வந்ததிலிருந்து இதே தலையாட்டல்தான். வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. காது கேட்கிறது, ஆனால் சொல்வது உள்ளே போய்ச் சேர்கிறதா என்பது போகப்போகத்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

காபி வேணுமா என்றால் தலையாட்டுகிறார். வேண்டாமா என்றாலும் தலையாட்டுகிறார்.

அவளுக்கு இது புதிதல்ல. பழைய கிரேக்க உரையாடல்களில் சாக்ரடீஸ் எதைக் கேட்டாலும் எதிரே இருப்பவர்கள் ஆமாம் ஆமாம் என்பார்கள். பூம்பூம் மாடுகள் என்று வகுப்பில் அவர்களைக் கிண்டல் செய்தே பாதி ஆயுளைக் கழித்திருக்கிறாள்.

ஆனால் இவர் அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஒருநாளும் இல்லை.

மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர். கிரேக்கத் தத்துவம் படித்து என்ன செய்யப்போகிறாய் என்று அவளைக் கேட்காத ஒரே மனிதர். பெண் பார்க்க வந்த அன்றே, அந்தக் கிரேக்கர்கள் அப்படி என்னதான் சொல்கிறார்கள் என்று கேட்டார். பஜ்ஜி ஆறிப்போகும்வரை அவள் சொன்னாள். முழுக்கக் கேட்டுவிட்டு, பாதி புரியவில்லை என்றார்.

அந்த நிமிடமே அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

கல்யாணமானதிலிருந்து இவரைத் தாண்டாமல் எந்த உரையும் கல்லூரிக்குப் போனதில்லை. இவர் வெங்காயம் நறுக்குவார். அவள் வாசிப்பாள். "புரியல, புரொபசர்" என்று இவர் சொல்லிவிட்டால் அந்தப் பத்தி தொலைந்தது. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். முணுமுணுத்தபடியே அடித்துத் திருத்துவாள். வகுப்பில் பிள்ளைகள் அந்தப் பத்தியைத்தான் நன்றாக இருந்தது என்பார்கள்.

ஆற்றைப் பற்றிய இந்த வரி வந்தால் மட்டும் இவருக்கு ஒரு வழக்கம் உண்டு.

ஒரே ஆற்றில் யாரும் இரண்டு முறை இறங்க முடியாது. நீரும் போய்விடுகிறது, இறங்கியவனும் மாறிவிடுகிறான். எந்தக் காலத்திலோ ஒரு கிரேக்கர் நினைத்தது. முதன்முதலாக அதை அவள் வாசித்துக் காட்டியபோது, இவர் கத்தியைக் கீழே வைத்தார். அவள் முன்னால் கையை விரித்தார்.

"நம்ம வைகையில மொதத் தடவை எறங்கவே தண்ணி இல்ல, புரொபசர். இதுல ரெண்டாந்தடவை வேறயா?"

பிறகு அந்த வரி வந்தபோதெல்லாம் கத்தி கீழே போகும். கை விரியும். வைகை வரும். "போதும்ங்க" என்று அவள் அலுத்துக்கொள்வாள். வைகையில் வெள்ளம் கரைபுரண்ட வருடத்திலும் இவர் விடவில்லை.

இன்று மாலை கல்லூரியில் அவளுடைய கடைசி உரை. நாளை முதல் ஓய்வு.

வேண்டுமென்றேதான் ஆற்றை எடுத்திருந்தாள்.

இப்போது பயமாக இருந்தது. இதற்கும் இவர் தலையாட்டிவிட்டால்? உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்துபோகும். அதைத் தெரிந்துகொண்டு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மேடையேறி, ஆற்றைப் பற்றிப் பேச வேண்டும்.

வாசிக்காமலே போய்விடலாம் என்று தோன்றியது. ஒரு பக்கத்தைத் தள்ளினால் போதும்.

தெரியாமல் வாழ்வதைவிடத் தெரிந்துகொள்வது மேல் என்று அத்தனை பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்தவள் அவள். தன்மேலேயே எரிச்சல் வந்தது.

தாளை உயர்த்தினாள். வாசித்தாள்.

நிமிர்ந்து பார்க்கத் துணிச்சல் இல்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

பிறகு பார்த்தாள்.

தலை ஆடவில்லை.

இடது கை தொடையை விட்டுக் கொஞ்சம் எழும்பியது. விழுந்தது. மறுபடியும் எழும்பியது. விரல்கள் ஒவ்வொன்றாக, மெதுவாக, அவளுக்கு முன்னால் விரிந்தன.

உள்ளங்கையில் ஒன்றும் இல்லை. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை.

"போதும்ங்க" என்றாள். அலுத்துக்கொள்ளத்தான் பார்த்தாள், முடியவில்லை.

வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். மறுபடியும் அடித்தார்.

அடிக்கட்டும்.

முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அதே வரியை இரண்டாம் முறை வாசித்தாள்.